குயின் ஆஃப் டியர்ஸ்: கல்யாணத்தை இவ்வளவு நன்றாக எழுதியவருக்கு அந்தக் கடத்தல் எதற்கு?

குயின் ஆஃப் டியர்ஸ் என்கிற கொரியத் தொடரின் எழுத்துக்கு மார்க் போடச் சொன்னால் ஒரே தாளில் போட மாட்டேன். புருஷன் பெண்டாட்டி கதைக்கு ஒரு தாள், வில்லன் கதைக்கு வேறு தாள். முதல் தாளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தாராளமாகக் கொடுப்பேன். இரண்டாவது தாளைத் திருத்தவே மனசு வராது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கதை முழுவதையும் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடர் வந்தது 2024-இல், மார்ச் 9 தொடங்கி ஏப்ரல் 28 வரை, கொரியாவின் டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறு இரவுகளில். மொத்தம் 16 எபிசோட். நமக்கு நெட்ஃபிளிக்ஸ் வழியாக வந்தது. எழுதியவர் பார்க் ஜி-உன். மை லவ் ஃப்ரம் தி ஸ்டார், க்ராஷ் லேண்டிங் ஆன் யூ எல்லாம் இவர் எழுதியவைதான். கொரியாவில் டிராமா எழுத்தாளர் பெயரைப் பார்த்தே டிவி முன்னால் உட்காருகிற கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்தை இழுக்கிற முதல் சில பெயர்களில் இவர் பெயரும் ஒன்று. கடைசி எபிசோடின் ரேட்டிங் 24.85 சதவீதம். அதே சேனலில் க்ராஷ் லேண்டிங் வைத்திருந்த 21.68-ஐத் தாண்டிவிட்டது. ஆக, நான் குறை சொல்வதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

முதல் எபிசோடை எழுதியிருக்கிற விதம் இருக்கிறதே, அடடா. ஹியன்-வூ கிராமத்துப் பையன், சட்டம் படித்தவன், குவீன்ஸ் என்கிற பெரும் பணக்காரக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையாகப் போனவன். பெண்டாட்டி ஹே-இன் அந்தக் குடும்பத்து டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குத் தலைமை. கல்யாணம் ஆகி மூன்றே வருஷம், அதற்குள் ஆளுக்கொரு அறை. இனி முடியாது என்று விவாகரத்துத் தாளைத் தயார் செய்துகொண்டு, இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று அவன் வந்து நிற்கிறான். அவள் முந்திக்கொண்டு, எனக்கு மூளையில் நோய், மூன்று மாதம்தான் என்கிறாள். வேறு யாராவது எழுதியிருந்தால் இங்கே அவனுக்குக் கண்ணீர் வரும், பின்னணியில் வயலின் வரும். இங்கே அவனுக்கு உள்ளுக்குள் வருவது நிம்மதி. சண்டை இல்லாமல் விடுதலை கிடைத்துவிடும்! உடனே அவளைக் கட்டிப்பிடித்து அன்பாகப் பேசுகிறான். வக்கீல் நண்பன் வேறு, இந்த மூன்று மாதம் நல்ல புருஷனாக நடந்துகொள், உயிலை மாற்றி எழுதினாலும் எழுதுவாள் என்று யோசனை சொல்கிறான். ஹீரோவை இவ்வளவு கேவலமான இடத்தில் நிறுத்திக் கதையைத் தொடங்க ஒரு தைரியம் வேண்டும். பொய்யாகக் காட்டத் தொடங்கிய அக்கறை எந்த நிமிஷத்தில் நிஜமானது என்று அவனாலேயே சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது, அத்தனை பொறுமையாக எழுதியிருக்கிறார்.

அதே எபிசோடில் திவசச் சமையல் காட்சி ஒன்று. நம் வீடுகளில் அன்றைக்கு அடுப்படியில் வேகிறது யார் என்று சொல்லவே வேண்டாம், மருமகள்கள்தான். கொரியாவிலும் அதே கதைதான். இங்கே அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். பெரிய படிப்பு படித்த மாப்பிள்ளைகள் வரிசையாக நின்று காய் நறுக்கி, மாவில் முக்கிப் பொரித்துக்கொண்டு, நம்முடைய தாத்தாவா இவர், யாருடைய தாத்தாவுக்கோ நாம் ஏன் வேகிறோம் என்று புலம்புகிறார்கள். மருமகள்கள் காலம்காலமாக முணுமுணுத்ததையெல்லாம் ஆண்கள் வாயில் போட்டு நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஒரு வரி உபதேசம் கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளை என்று நம்மூரில் எத்தனையோ ஜோக் பார்த்திருக்கிறோம், பெரும்பாலும் அந்த ஆளைக் கிண்டல் செய்வதற்குத்தான். இந்தக் காட்சி கிண்டல் செய்வது அந்தச் சடங்கை.

இந்தக் கல்யாணம் ஏன் உடைந்தது என்பதற்கு அவர் வைத்திருக்கிற காரணம்தான் தொடரிலேயே எனக்குப் பிடித்த எழுத்து. பணக்கார மாமியார், கெடுபிடி, அவமானம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வேர் அங்கே இல்லை. ஒரு குழந்தை வயிற்றிலேயே போய்விடுகிறது. குழந்தைக்கென்று செய்துவைத்த அறையை அவள் காலி செய்யச் சொல்கிறாள், அவன் வீட்டுக்கு வந்து அதைப் பார்க்கிறான், வார்த்தை முற்றுகிறது. அன்றிலிருந்து அவன் படுக்கை அந்த அறையில். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே துக்கம், ஆனால் இவள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறாளே என்று அவனுக்குக் கோபம், அவள் தனியாக என்ன பட்டாள் என்பது நமக்குப் பல எபிசோடுகள் கழித்துத்தான் தெரிகிறது. இதில் யாரும் கெட்டவர் இல்லை. ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். எத்தனை வீட்டில் இப்படி ஒரு அறை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

இவர் தொடர்களில் எபிசோட் முடிந்த பிறகு வருகிற அந்தச் சின்னத் துண்டுக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அடுத்த எபிசோடுக்குத் தாவுகிற ஆட்கள் பாதி எழுத்தைத் தவறவிடுகிறார்கள் என்றே சொல்வேன். அரை மணி நேரத்துக்கு முன் நாம் ஒரு பக்கமிருந்து பார்த்த விஷயத்தை இன்னொருவர் பக்கமிருந்து காட்டுவார். க்ராஷ் லேண்டிங்கிலும் இதுதான் வேலை செய்தது. சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் நாயகன் பியானோ வாசித்தபோது, அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவள் யார் என்பதை உடனே சொல்லாமல் பிற்பாடு சொல்வது மாதிரி. நமக்கு முன்பே தெரிந்த காட்சிக்கு அர்த்தம் மாறும்போது வருகிற அந்தக் குறுகுறுப்புக்காகவே இவரை நான் விடாமல் பார்க்கிறேன்.

அப்புறம் கிராமம். சொத்து பறிபோய், குவீன்ஸ் குடும்பம் மொத்தமும் யோங்து-ரி என்கிற ஊரில் மாப்பிள்ளை வீட்டில், அதாவது இத்தனை நாள் மதிக்காத சம்பந்தி வீட்டிலேயே வந்து அடைக்கலம் புகுகிறது. இதை வைத்துக்கொண்டு நான்கு எபிசோட் என்ன, நாற்பது எபிசோட் ஓட்டியிருக்கலாம். விறைப்பான அந்தப் பணக்காரச் சம்பந்தியம்மாவும் கிராமத்துச் சம்பந்தியம்மாவும் ஒரே கூரைக்குக் கீழே. ஹே-இன்னின் கோபக்கார அத்தை பொம்-ஜாவுக்கு அந்த ஊரில் ஒருவர் மேல் மெல்ல வருகிற பிரியம். எல்லாரும் மக்கு என்று ஒதுக்கிவைத்த ஹே-இன்னின் தம்பி சூ-சோல், தன்னை ஏமாற்றத்தான் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்தும் மனைவி பிள்ளையோடு திரும்பி வந்தபோது அவளை ஏற்றுக்கொள்கிற அழகு. இந்தத் தம்பி கதையை மட்டும் தனியாக எடுத்திருந்தால்கூட உட்கார்ந்து பார்ப்பேன்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தாளர் அம்மா, நீங்கள் ஏன் துப்பாக்கியைத் தேடிப் போனீர்கள்?

யூன் உன்-சங் என்கிற வில்லனும் அவன் அம்மா மோ சுல்-ஹியும் முதலிலிருந்தே இருக்கிறார்கள், தெரியும். கம்பெனியைப் பிடிக்கிற சதி வரைக்கும் சரி, அது இல்லாமல் குடும்பம் கிராமத்துக்கு வராது. ஆனால் கடைசி எபிசோடுகளில் கதையை மொத்தமாக அவர்கள் கையில் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். ஹே-இன்னுக்கு ஜெர்மனியில் ஆபரேஷன், பிழைத்தால் பழைய நினைவு போய்விடும். அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பது வில்லன், ஹியன்-வூ கொலைப் பழியில் கைதாகிவிடுகிறான். அப்புறம் பொய், அப்புறம் வண்டி மோதல், அப்புறம் கடத்தல், ஆஸ்பத்திரியில் கிடந்தவன் எழுந்து ஓடிவருவது, குண்டு. ஒரு காலத்தில் புதுயுகம் டிவியில் தமிழில் பேசிய கொரியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நினைவு போகிற வித்தை புதிதே அல்ல, நம் சீரியல்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

நினைவு போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. இவனோடு வாழ்ந்து, வெறுத்து, விவாகரத்தே செய்துவிட்டு, மறுபடி விரும்பியவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டால், இதே ஆளைத் திரும்பவும் தேர்ந்தெடுப்பாளா? அவனும் இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே உண்மையாக இருந்து காட்ட வேண்டும், நடிப்பில் தொடங்கியவனுக்கு அதைவிடச் சரியான பரீட்சை ஏது? அதற்கு இரண்டு மூன்று அருமையான காட்சிகளும் எழுதினார். மிச்ச நேரத்தை வில்லன் தின்றுவிட்டான்.

அந்த வில்லனையும் வீணடித்துவிட்டார். பெற்ற அம்மாவே அனாதை விடுதியில் விட்டுவிட்டுப் போன பையன் அவன். வளர்ந்த பிறகும் அந்த அம்மாவுக்காகவே வேலை செய்கிறான், ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதா என்று. இப்படி ஒருவனை உருவாக்கிவிட்டு கடைசியில் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, போலீஸ் சுட்டு விழவைத்தால் என்ன நியாயம்? மை மிஸ்டர் என்கிற இன்னொரு கொரியத் தொடரை எழுதிய பார்க் ஹே-யங்கைப் பாருங்கள். அதில் கதாநாயகிக்குக் கடன் கொடுத்துவிட்டு அவளை அடிக்கிற ஒருவன் வருகிறான், பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவனுக்கும் அவளுக்கும் சின்ன வயசில் என்ன இருந்தது, அவன் அப்பா எப்படிச் செத்தார் என்று தெரியத் தெரிய, அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்போம். வில்லன் என்று ஒரு ஆளை வைத்தால் இந்த அளவுக்காவது உழைக்க வேண்டும்.

இன்னொரு எரிச்சல், அந்தச் சின்ன வயசுத் தொடர்பு. சிறுவயதில் கடலில் விழுந்தவளைக் காப்பாற்றியது ஹியன்-வூதானாம், பள்ளிக்கூடத்திலும் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்களாம், எம்பி3 பிளேயர் வேறு. எதற்கு? ஆபீசில் யாரென்றே தெரியாமல் இருந்த ஒருத்திக்கு, வேலை போனாலும் கவலைப்படாதே, ஊரில் எங்கள் வீட்டில் மாடெல்லாம் இருக்கிறது என்று தைரியம் சொன்னானே, அந்த அசட்டுத்தனத்தில் அவள் விழுந்தாள் என்பதே போதாதா? விதி சேர்த்துவைத்தது என்று சொன்ன உடனே அந்த மாடு காட்சியின் மதிப்பு குறைந்துபோகிறது. க்ராஷ் லேண்டிங்கிலும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் அங்கே நாயகி தென்கொரியா, நாயகன் வடகொரியா, நடுவில் எல்லைக்கோடு இருந்தது, விதியை விட்டால் அந்த இருவர் சந்திக்க வேறு வழியில்லை. அங்கே வடகொரிய கிராமத்துக் காட்சிகளுக்கு அங்கிருந்து தப்பி வந்த ஒருவரே எழுத்துக் குழுவில் இருந்து உதவினார். கரண்ட் போய் நடுக்காட்டில் நின்றுவிடுகிற ரயில், பயணிகளிடம் பண்டம் விற்க ஓடிவருகிற ஊர்க்காரர்கள், இதெல்லாம் கற்பனையில் வராது. (அதில் தவறான ரயில் சரியான ஊருக்குக் கொண்டு சேர்க்கும் என்று இந்தியாவில் ஒரு சொல் உண்டு என்பாள் நாயகி. நம்ம பக்கம் தவறான ரயிலில் ஏறினால் டிடிஆரிடம்தான் கொண்டு சேர்க்கும்.)

வில்லனே இல்லாமல் தொடர் ஓடாதா என்றால், ரிப்ளை 1988 ஓடியதே. 2015-16-இல் வந்தது, அதே டிவிஎன், லீ வூ-ஜங் எழுதியது, 20 எபிசோட். சியோலில் ஒரு சந்து, ஐந்து வீடு, அவ்வளவுதான் உலகம். அதில் கதாநாயகியை விரும்புகிற இருவரில் ஒருவனான ஜங்-ஹ்வான் அவளிடம் தன் காதலைச் சொல்லக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறான், சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு. வந்து சேரும்போது இன்னொருவனான டேக் முன்பே வந்து நிற்கிறான், முக்கியமான ஆட்டத்தையே விட்டுவிட்டு. தன்னைத் தடுத்தது சிக்னல் இல்லை, இத்தனை வருஷமும் தான் தயங்கிய தயக்கம்தான் என்று ஜங்-ஹ்வான் தனக்குள் ஒப்புக்கொள்வான். கடத்தல், குண்டு எதுவும் கொடுக்காத பதற்றத்தை ஒரு டிராபிக் லைட் கொடுத்தது. யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கடைசிவரை இழுத்தது கொஞ்சம் ஓவர்தான், ஜங்-ஹ்வான் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் ஆறவில்லை, ஆனால் எழுத்தில் பொய் இல்லை.

குயின் ஆஃப் டியர்ஸில் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் சாதாரணமானது. ஒவ்வொரு எபிசோடும் பெரும்பாலும் 80 நிமிஷத்துக்கு மேல், அப்படி 16. வாரம் இரண்டு. ஞாயிறு ராத்திரி முடிக்கும்போது அடுத்த சனிவரை ஜனங்களைப் பிடித்துவைக்க ஏதாவது கொக்கி வேண்டும். இரண்டு பேர் வாய் திறந்து பேசிக்கொள்வார்களா என்பதைவிட, அவன் உயிரோடு இருக்கிறானா என்பது பெரிய கொக்கி. ரேட்டிங்கும் ஏறத்தானே செய்தது. இதை மொத்தமாக ஒரே மூச்சில் பார்க்கிற நமக்குத்தான் அந்தக் கொக்கியெல்லாம் காலில் இடறுகிறது.

கடைசி எபிசோடின் முடிவில் வருகிற 2074 காட்சியைப் பற்றி மட்டும் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கல்லறையில் ஹே-இன் பெயருக்குக் கீழே 1990, 2074. வயசான ஹியன்-வூ தனியாக ஜெர்மனிக்குப் போய், முன்பு இருவரும் போன இடத்திலேயே நிற்கிறான், அவள் வந்து அழைத்துப் போகிறாள். சந்தோஷமாக முடித்திருக்கலாமே, கல்லறை எதற்கு என்று திட்டியவர்கள் நிறைய. மூன்று மாதம்தான் என்று சொன்னவளுக்கு 84 வயது வரை கொடுத்திருக்கிறார், இதைவிடச் சந்தோஷமான முடிவு என்ன வேண்டும்? கடத்தலுக்குப் போன நேரத்தில் பாதியை அந்த நடுவிலுள்ள ஐம்பது வருஷத்துக்குக் கொடுத்திருந்தால் நான் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்தே திருத்தியிருப்பேன்.

பார்க்கலாமா என்று கேட்டால், கட்டாயம் பாருங்கள். ஹே-இன்னாக வருகிற கிம் ஜி-வோன் நடிப்புக்காகவே பார்க்கலாம். யோங்து-ரி காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள், பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாதீர்கள். மோ சுல்-ஹி திட்டம் போடுகிற காட்சிகளை ஒன்றரை வேகத்தில் வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.