ஸ்காட்லாந்து மேற்குக் கரையில் ஒரு வாரம்: மல், ஸ்கை, கிளைடு, எந்தப் பக்கம்?

ஸ்கிப்பரோடு (படகை நடத்தும் தலைவர்) பாய்மரப் படகு எடுத்து ஸ்காட்லாந்துத் தீவுகளைச் சுற்ற நினைப்பவர்களுக்கு ஸ்கை மீதுதான் ஆசை. கையில் ஒரே வாரம் என்றால் ஓபன் துறைமுகத்தில் ஏறி மல் தீவுப் பக்கம் போங்கள் என்பேன். காற்று எப்படித் திரும்பினாலும் அங்கே ஒதுங்க இடம் உண்டு.

கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். துறையை விட்டதும் மல் நீரிணை, இருபுறமும் மலை, பெரிய அலை கிடையாது. ஏறத்தாழ 25 கடல் மைலில் மல் தீவின் டோபர்மோரி ஊர். கரையோரம் வரிசையாக வண்ண வீடுகள், மளிகைக் கடையும் உண்டு. வானிலை கைகொடுத்தால் அங்கிருந்து ஸ்டாஃபா, ஐயோனா என்ற சிறு தீவுகள். கொடுக்காவிட்டால் எதிரே லாக் சூனார்ட்; நிலத்துக்குள் 30 கிலோமீட்டர் நுழைந்த கடல் கழி. ஓக் காட்டோரம் நங்கூரம் போட்டு சீல்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த நாளும் வீணாகாது.

ஸ்டாஃபாவில் இறங்க முடியும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் போன அன்று காற்றே இல்லை, ஆனால் முந்தைய நாள் அலை அடங்கவில்லை. ஃபிங்கல் குகைக்கு எதிரே படகை நிறுத்தினார் ஸ்கிப்பர். கருங்கல் தூண்களுக்கு நடுவே ஒவ்வொரு அலையும் உள்ளே போய், ஒரு நொடி கழித்துத் ‘தும்’ என்றது. நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. இறங்காத குறையே தெரியவில்லை.

அழகில் ஸ்கை ஒரு படி மேல், மறுக்க மாட்டேன். லாக் ஸ்கேவைக்கில் குய்லின் மலை தலைக்கு மேல் நிற்கும். சிறு படகில் கரையேறிக் கொஞ்சம் நடந்தால் நன்னீர் ஏரி கொருஸ்க். ஆனால் அந்த மலையிலிருந்தே காற்று திடீரென்று விழுந்து அடிக்கும். அப்படிப்பட்ட இரவில் ஸ்கிப்பருக்குத் தூக்கமில்லை. ஓபனிலிருந்து போக ஆர்ட்னமர்க்கன் முனையைத் தாண்ட வேண்டும், அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கும் முனை அது. திரும்பும்போது இரண்டு நாள் மாட்டிக்கொண்டால் விமானம் போச்சு. 10 நாள் இருந்தால் தாராளமாகப் போகலாம். முனைக்கு வடக்கே உள்ள மல்லெய்க் துறைமுகத்தில் ஏறினால் அந்தத் தொல்லை இல்லை, கிளாஸ்கோவிலிருந்து ரயில்தான் 5 மணி நேரத்துக்கு மேல்.

சின்னப் பிள்ளைகளோ குமட்டலுக்குப் பயப்படுகிறவர்களோ கூட வந்தால் கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள கிளைடு கழிமுகம். கின்டைர் தீபகற்பம் அட்லாண்டிக் அலையை மறித்துவிடுகிறது. கிளாஸ்கோவிலிருந்து அங்குள்ள லார்க்ஸ் துறைக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

படகின் அளவை முடிவு செய்யும்போது ஸ்கிப்பருக்கும் ஒரு படுக்கை கணக்கு வையுங்கள். மே, ஜூன் நல்ல மாதங்கள். பஃபின் பறவைகளும் இருக்கும். தேதி குறிக்குமுன் காலண்டரையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும். ஓபனுக்குத் தெற்கே கோரிவ்ரெக்கன் என்ற நீரிணையில் அது 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தைத் தொடும். நம் படகு எஞ்சினில் ஓடுவதே 6 நாட்தான். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தணிந்திருக்கும்.