மொக்கிட்டோ 5: பசுந்தேயிலைக் கணக்குக்கு ஒத்துவருமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கொள்முதல் மென்பொருளை ஜாவாவில் எழுதுபவர்கள் டெஸ்ட் எழுத உதவும் மொக்கிட்டோ 5 லைப்ரரியைத் தயங்காமல் எடுக்கலாம். ஜாவா 11 இருந்தால் போதும். ஃபைனல் கிளாஸையும் (நீட்டிக்க முடியாத கிளாஸ்) கூடுதல் ஏற்பாடு இல்லாமலே மாக் செய்துவிடும், அதாவது டெஸ்டில் நிஜத்துக்குப் பதிலாக ஒரு போலியை நிறுத்திவிடும்.

இலை நிறுத்ததும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். டெஸ்டில் நிஜ எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது (மழைக்காலச் சிக்னலை நம்பி டெஸ்ட் எழுதவும் கூடாது). அந்த இடத்தில் ஒரு மாக். உறுப்பினர் எண், நிகர எடை, கிலோ விலை மூன்றும் சரியாகப் போனதா என்று 'வெரிஃபை' ஒரே வரியில் பார்த்துவிடும். தவறினால் எதிர்பார்த்தது, வந்தது இரண்டையும் வரி எண்ணோடு காட்டும். இதுதான் இதன் பெரிய பலம்.

சிக்கல் எடையில்தான். வெரிஃபை 'ஈக்வல்ஸ்' வைத்தே ஒப்பிடுகிறது. பிக்டெசிமலில் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் ஜாவா வகை) 42.5-ம் 42.50-ம் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. கணக்கு சரியாக இருந்தும் டெஸ்ட் சிவக்கும், அதாவது தோற்கும். மொக்கிட்டோவின் அடிஷனல்மேட்சர்ஸில் உள்ள, மதிப்பை மட்டும் ஒப்பிடும் 'சிஎம்பிஈக்யூ' என்ற மேட்சரைப் (ஒப்பிடும் விதி) போட்டால் தீரும். ஆனால் ஓர் இடத்தில் மேட்சர் வந்துவிட்டால் மற்ற இரண்டும் மேட்சராகவே இருக்க வேண்டும். உறுப்பினர் எண்ணை 'ஈக்யூ'வுக்குள் போடாவிட்டால் இன்வாலிட்யூஸ்ஆஃப்மேட்சர்ஸ் பிழைதான்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து மூன்றிலும் எதையும் ஏற்கும் 'எனி' போடுவது சோம்பேறித்தனம். சாக்கு எடையைக் கழிக்காத 44 கிலோ போனாலும், எடையும் விலையும் இடம் மாறிப் போனாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். இரண்டும் பிக்டெசிமல் என்பதால் கம்பைலரும் கண்டுகொள்ளாது.

ரசீதை ஒரே ஆப்ஜெக்டாக அனுப்பினால், மாக்குக்குப் போனதைப் பிடித்துத் தரும் ஆர்கியுமென்ட்கேப்டர் வசதி. 'ஆர்க்தட்' மேட்சரில் நிபந்தனையை லாம்டாவாக (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்) எழுதலாம், ஆனால் தோல்விச் செய்தியில் எதை எதிர்பார்த்தோம் என்று தெரியாது. கேப்டரில் 'கெட்வேல்யூ' கடைசி அழைப்பை மட்டும் தரும். மூன்று விவசாயிகள் என்றால் 'டைம்ஸ்(3)' போட்டு 'கெட்ஆல்வேல்யூஸ்' எடுங்கள்.

அங்கேயும் ஒரு பள்ளம். கேப்டர் நகல் எடுப்பதில்லை, அதே ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸைத்தான் பிடித்து வைக்கிறது. லூப்பில் ஒரே ரசீது ஆப்ஜெக்டை மாற்றி மாற்றி அனுப்பும் கோட் என்றால், பட்டியலில் மூன்று இடத்திலும் கடைசி விவசாயியின் எடையே நிற்கும். ஜாவா 16 அல்லது அதற்கு மேல் என்றால், ரசீதை உருவாக்கிய பின் மதிப்பு மாறாத ஜாவா ரெக்கார்டாக மாற்றுவது நல்லது. பழைய கோடைத் தொட முடியாதென்றால் மாக் என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுதும் 'டூஆன்சர்' வைத்து, அழைப்பு நடக்கும் நொடியிலேயே எடையைத் தனிப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைவது அந்தக் கேப்டருக்காக.