ஆண்டிக், விக்-2: இரண்டு வரைகலைச் சில்லுகளின் பிறப்பு

1979இல் வெளிவந்த அட்டாரி 800, 1982இல் வெளிவந்த கமடோர் 64 ஆகிய இரு வீட்டுக் கணினிகளின் மையச் செயலிகளும் 6502 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் திரைகளில் தெரியும் வேறுபாட்டுக்கான காரணத்தை, ஒவ்வொன்றுக்கும் தனியே வடிவமைக்கப்பட்ட வரைகலைச் சில்லுகளில்தான் தேட வேண்டும்.

அட்டாரி சில்லுகளின் தாய்வீடு, 1977இல் வந்த 2600 விளையாட்டுக் கருவி. அதன் நினைவகம் வெறும் 128 பைட்டுகள். முழுத் திரையையும் எழுதிவைக்க இடமில்லாததால், தொலைக்காட்சியின் மின்கற்றை ஒவ்வொரு வரியாக இறங்க இறங்க, செயலியும் உடன் ஓடி, அந்தந்த வரிக்குரியதை டிஐஏ என்ற வரைகலைச் சில்லுக்கு ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஜே மைனர் தலைமையிலான குழு அடுத்த கருவியான அட்டாரி 800ஐ வடிவமைத்தபோது, இந்தச் சுமையைச் செயலியிடமிருந்து இறக்கி ஆண்டிக் என்ற தனிச் சில்லிடம் ஒப்படைத்தது. எந்த வரியை எந்த முறையில் வரைவது என்று நினைவகத்தில் ஒரு கட்டளைப் பட்டியல் எழுதிவைத்தால், ஆண்டிக் அதைப் படித்துத் தானே நடத்திக்கொள்ளும். மேலே எழுத்துகள், நடுவே படம், கீழே வேறொரு முறை என்று ஒரே திரையைப் பிரித்தாள முடிந்தது இதனால்தான். நிறம் சேர்க்கும் வேலை டிஐஏவின் வாரிசான சிடிஐஏவுடையது. தேர்ந்தெடுக்க 128 நிறங்கள் இருந்தன.

கமடோர் 64இன் வரைகலைச் சில்லான விக்-2 பிறந்த விதம் வேறு. கமடோரின் சில்லுத் தயாரிப்பு நிறுவனமான எம்ஓஎஸ் டெக்னாலஜியில் ஆல் சார்பென்டியரின் குழு 1981இல் இன்டெலிவிஷன், டிஐ 99/4ஏ, அட்டாரி 800 போன்ற போட்டிக் கருவிகளை அக்குவேறு ஆணிவேறாக அலசி, பிடித்தவற்றைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே வரையறுத்த சிலிக்கான் பரப்புக்குள் கொண்ட மட்டும் திணித்தது. நிறங்கள் 16தான், ஆனால் பின்னணியைத் தொடாமல் தனியே நகர்த்தக்கூடிய 8 உருவங்கள், அதாவது ஸ்பிரைட்டுகள், கிடைத்தன.

இந்த வேறுபாடு, ஓர் உருவத்தை நகர்த்தும்போது கைக்குத் தெரியும். அட்டாரியின் 'பிளேயர்' என்பது 8 புள்ளி அகலத்தில் திரையின் முழு உயரத்துக்கும் நீளும் ஒரு பட்டை. பக்கவாட்டில் நகர்த்த ஓர் எண்ணை மாற்றினால் போதும், மேலும் கீழும் நகர்த்தவோ பைட்டுகளையே நினைவகத்தில் இடம்பெயர்க்க வேண்டும். 2600இன் பரம்பரைக் குணம் இது. விக்-2இன் ஸ்பிரைட் 24க்கு 21 புள்ளிகள் கொண்ட தனி உருவம். இரு திசைகளுக்கும் எண்களே போதும்.

வடிவமைப்பின் அழகில் ஆண்டிக்கைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன். விளையாட்டு எழுதுபவருக்கு வசதி விக்-2. அதிலும் ஒரு முள் உண்டு: ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும், திரையின் அகலமோ 320 புள்ளிகள். அதனால் பக்கவாட்டு இடத்தைக் குறிக்க ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு பிட் தேவைப்பட்டது; எட்டு ஸ்பிரைட்டுகளின் அந்தப் பிட்டுகளும் ஒரே பைட்டில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அதை மாற்ற மறந்தால், வலப்புறம் ஓடிய உருவம் சட்டென்று இடது ஓரத்துக்குத் தாவிவிடும்.