எங்கள் பள்ளிச் சமையலறை: 19 புதன்கிழமை பரிமாறிப் பார்த்த பிறகு

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் மதியச் சாப்பாட்டை வளாகத்துக்குள்ளேயே சமைத்துப் போட ஆரம்பித்து இரண்டு பருவம் முடிந்துவிட்டது. பெற்றோர் முறை வைத்துக்கொண்டு பரிமாற வரலாம் என்றார்கள். புதன்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். இதுவரை 19 புதன்கிழமை போயிருக்கிறேன். அண்டா தூக்கி, கரண்டி பிடித்து, திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இப்படி ஒன்று தொடங்கலாமா என்ற பேச்சு இருந்தால், தைரியமாகத் தொடங்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

முந்தைய வருடம் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. யார் என்று சொல்ல வேண்டாம். காலை 8 மணிக்கே பெட்டியில் அடைத்து, வண்டி ஏற்றி, பிள்ளைகள் கைக்கு வரும்போது 12.30 ஆகிவிடும். மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க வியர்த்து, சொட்டுச் சொட்டாக நீர் கோத்திருக்கும். சோறு பெட்டியின் வடிவத்திலேயே கட்டியாகப் பெயர்ந்து வரும். பாதிப் பிள்ளைகள் நாலு வாயோடு நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் மகள் வீட்டுக்கு வந்ததும், "அப்பா, இன்னிக்கு சோறு ஒரு மாதிரி வாடை அடிச்சுது" என்றாள். அன்று இரவு முழுக்க அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா வரும். அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. எட்டு மணிக்கு மூடிய பெட்டியைப் பன்னிரண்டரைக்குத் திறப்பது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வாரமே பள்ளிக்குப் போய் நின்றிருப்பேன்.

இப்போது நிலைமை வேறு. 11.50-க்கு அடுப்பை அணைக்கிறார்கள். 12.15-க்கு முதல் வகுப்பின் தட்டில் சோறு விழுகிறது. ஒரு ஊசி தர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். அண்டாவின் நடுவில் குத்திப் பார்த்தால் பரிமாறத் தொடங்கும்போது 80-க்குக் குறைந்ததே இல்லை. கடைசி வகுப்புக்கு வரும்போது 68, 70 இருக்கும். அவ்வளவு சூட்டை அப்படியே சின்னப் பிள்ளைகளுக்கு வைக்க முடியாது என்பதால், முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும் தட்டில் பரப்பிவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள்.

நேரமும் சூடும் ஒரு பக்கம். இந்தச் சமையலறையின் பெரிய பலமே சமைக்கிறவர் சாப்பிடுகிறவர்களைக் கண்ணால் பார்ப்பதுதான். பிள்ளைகள் அவரைச் சமையல் அக்கா என்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பந்தி முடிகிற நேரத்தில் அவர் அடுப்படியில் இருக்கமாட்டார். தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், மிச்சம் கொட்டும் வாளியை ஒட்டி வந்து நிற்பார். யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்ப்பார். ஒரு பிள்ளையையும் திட்டமாட்டார். பார்ப்பதோடு சரி.

மூன்றாவது புதன்கிழமை என்று நினைக்கிறேன், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க பாருங்க. ஒண்ணாம் வகுப்புத் தட்டுல மட்டும் கேரட் அப்படியே திரும்பி வருது. நாலாம் வகுப்புல ஒரு துண்டு வரல." அன்று கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பச்சையாகக் கொடுத்திருந்தார்கள். பிடிக்காமல் வைக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு பையனை நிறுத்தி, "எங்க, ஈ காட்டு" என்றார். முன்னால் மேலும் கீழும் பல் இல்லை. அடுத்தவளுக்கு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆறு, ஏழு வயதில் பால் பல் விழும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கேரட்டைக் கடிக்க முன்பல் வேண்டும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அடுத்த முறை ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் துருவிப் போட்டார்கள். வாளியில் கேரட் இல்லை. பீன்ஸையும் அவர்களுக்குத் தனியாகப் பொடியாக நறுக்கி இன்னும் கொஞ்சம் குழைய வேகவைக்கிறார். எங்கோ ஒரு பெரிய கூடத்தில் ஆயிரக்கணக்கில் பெட்டி அடைக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்த வாளி அவர் கண்ணில் படப்போவதில்லை.

சத்து விஷயத்திலும் குறை சொல்ல இடமில்லை. தினமும் தானியம் ஒன்று, பருப்பு அல்லது பயறு ஒன்று, காய் இரண்டு, கூடவே தயிர் அல்லது முட்டை. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது புரதம் முழுமையாகிறது. காயைக் கழுவிய பிறகுதான் நறுக்குகிறார்கள், நறுக்கிவிட்டுத் தண்ணீரில் போட்டு வைப்பதில்லை. கீரை மசியலுக்கு அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிவார் அக்கா. ருசிக்காகச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேராது, கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் நன்றாகச் சேரும். அந்த வைட்டமின் சூட்டில் அழிந்துவிடும் என்பதால் கடைசியில் பிழிவதுதான் சரி. கேட்டால், "எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க" என்றார்.

என் மகள் பூசணிக்காயைத் தொடமாட்டாள். வீட்டில் கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. இங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு தேக்கரண்டி அளவு தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். சாப்பிட்டால் சாப்பிடலாம், வைத்தால் வைக்கலாம். அவளுடைய டீச்சரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். புதிதாக ஒரு காயைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ள எட்டு, பத்துத் தடவை, சிலருக்கு அதற்கு மேலும் அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கும் என்று ஊட்டச்சத்து ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் நாங்கள் மூன்றாவது தடவையே கைவிட்டிருந்தோம். ஏழாவது தடவை அவள் அதை நக்கிப் பார்த்ததை இரண்டு மேசை தள்ளி நின்று பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை. இப்போது சாப்பிடுகிறாள். விரும்பி அல்ல, ஆனால் சாப்பிடுகிறாள்.

சரி, குறைக்கு வருகிறேன்.

பெரிய குறை, சாப்பிட நேரம் இல்லை. இடைவேளை 30 நிமிடம்தான். கை கழுவக் குழாய் நாலு. வரிசையில் நின்று, கழுவி, தட்டு வாங்கி உட்காருவதற்குள் மூன்றாம் வகுப்புக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. ஒருநாள் கடிகாரம் பார்த்தேன். கடைசியாக உட்கார்ந்த பையனுக்கு 11 நிமிடம் கிடைத்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறது. நேரம் குறைந்தால் பிள்ளைகள் முதலில் விடுவது காயைத்தான். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு விளையாட ஓடிவிடுவார்கள். நல்ல சமையல் இப்படி வாளிக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. வகுப்புகளைப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்பலாம், விளையாட்டை முன்னால் வைத்துச் சாப்பாட்டைப் பின்னால் வைக்கலாம். இரண்டையும் கூட்டத்தில் சொன்னேன். முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது கால அட்டவணையை இடிக்கிறதாம்.

அடுத்தது ஒவ்வாமை. ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொரு பிள்ளைக்குப் பால் ஆகாது. இருவர் பெயரும் அடுப்படிப் பலகையில் எழுதியிருக்கிறது, தனிக் கரண்டியும் உண்டு. ஆனால் அக்கா விடுப்பில் போன ஒரு நாள், புதிதாக வந்த உதவியாளர் தயிர் எடுத்த கரண்டியைப் பருப்பில் விட்டுவிட்டார். பால் ஆகாத அந்தப் பெண்ணே, "அது வெள்ளையா இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று சொன்னதால் தப்பித்தோம். ஏழு வயதுப் பிள்ளையின் கவனத்தை நம்பி ஒரு சமையலறை நடக்கக்கூடாது. அன்றே பேசினோம். இப்போது அந்த இருவருக்கும் எல்லாருக்கும் முன்னால், மூடி போட்ட தனித் தட்டில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். மாற்று ஆள் வந்தால் முதலில் அந்தப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் கரண்டியைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது, மாதிரி எடுத்து வைப்பது. தினமும் சமைத்ததில் ஒவ்வொரு கிண்ணம் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் மறுநாளே கொட்டிவிடுகிறார்கள். சால்மோனெல்லா போன்ற கிருமி உள்ளே போனால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தெரிய 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை ஆகலாம். பிள்ளைக்கு மூன்றாம் நாள் முடியாமல் போனால் சோதித்துப் பார்க்க மாதிரியே இருக்காது. ஜப்பானில் பள்ளி மதிய உணவுக்கென்று 1954-இல் சட்டமே வந்தது. அங்கே மாதிரியை உறைநிலையில் இரண்டு வாரம் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தலைமையாசிரியர் போன்ற பொறுப்பானவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்ப்பதும் அங்கே விதி. இந்த இரண்டாவது வழக்கத்தை எங்கள் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டார். தினமும் 11.45-க்கு அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டே ஒரு தட்டு சாப்பிடுகிறார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறார். ஒருமுறை உப்புக் கூடிவிட்டது என்று பருப்பில் தண்ணீரும் காயும் சேர்த்து மறுபடி கொதிக்கவிட வைத்தார். அன்று சாப்பாடு பத்து நிமிடம் தாமதம். யாரும் குறை சொல்லவில்லை. உறைபெட்டிதான் இன்னும் வரவில்லை.

பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே பழம். முழுதாகக் கையில் கொடுக்காமல் நறுக்கிக் கொடுத்தால் மிச்சம் குறையும்.

உங்கள் பள்ளியில் தொடங்கும்போது பணம், பாத்திரம் பற்றிப் பேச நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: அடுப்பு எத்தனை மணிக்கு அணைகிறது, கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு உட்காருகிறது, மிச்ச வாளியை யார் பார்க்கிறார்கள். மூன்றுக்கும் ஆள் பெயரோடு பதில் வர வேண்டும்.

எங்கள் பள்ளியின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: அடுத்த பருவத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் பரிமாற ஆள் இல்லை. 11.45-க்கு வந்தால் போதும், 1 மணிக்குக் கிளம்பிவிடலாம். நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்லி அக்கா சொன்னார்.