17 இன்ச் சக்கரமும் காணாமல்போன ஸ்டெப்னியும்: புதிய வடிவத்தில் வந்த சின்னக் கார், இரண்டு ஆண்டுக்குப் பிறகு

என் காரின் வலது முன் டயரில் மறுபடியும் புடைப்பு. இரண்டு ஆண்டில் மாற்றிய மூன்றாவது டயர் இது. மாற்றி முடித்த கையோடு நண்பர் கேட்டார்: "நானும் இதே புது மாடல் எடுக்கிறேன், உன்னை மாதிரி டாப் வேரியன்ட்டுக்கே போயிடலாமா?" அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதுகிறேன். கார் எடுக்கலாம். 17 இன்ச் சக்கரத்தோடு எடுக்க வேண்டாம்.

இன்ஜின் எத்தனை சிசி, ஏர்பேக் எத்தனை என்பதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய மாடலைவிட ஓட்டுநர் சீட்டில் தொடைக்கு நல்ல தாங்கல் கிடைக்கிறது. நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாலும் இடுப்பு வலிப்பதில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு இருக்கும், நகர்ந்ததும் மறைந்துவிடும். ஏசி, பிரேக், கியர் எதிலும் குறை இல்லை. ஹெட்லைட்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். எல்இடி லோ பீமிலேயே சாலையின் ஓரம் வரை வெளிச்சம் சீராக விழுகிறது, எதிரே வருபவரின் கண்ணையும் கூச வைப்பதில்லை. இரவில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காரின் மிகப் பெரிய வரம் அதுதான். ஆனால் அந்த ஹெட்லைட் டாப் வேரியன்ட்டில் மட்டுமே வருகிறது. டாப் வேரியன்ட் என்றால் 17 இன்ச் அலாய் சக்கரம் கட்டாயம். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி விற்கிறார்கள். என் கோபம் முழுக்க அந்தக் கட்டின் மேல்தான்.

நடு வேரியன்ட்டின் டயர் 185/65 ஆர்15. டாப்பில் 205/45 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம், இன்ச்சில். கணக்குப் போட்டுப் பார்த்தால் நடு வேரியன்ட்டில் பக்கச்சுவர் 120 மி.மீ., டாப்பில் 92 மி.மீ. சக்கரத்தின் மொத்த விட்டமோ 621 மி.மீ., 616 மி.மீ. என்று இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பெரிய சக்கரம் போட்டதால் கார் தரையிலிருந்து உயர்ந்துவிடவில்லை. உள்ளே அலுமினியம் கூடியிருக்கிறது, காற்று குறைந்திருக்கிறது, அவ்வளவே. சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தையில் கால் பங்கு கிட்டத்தட்டப் போய்விட்டது.

அந்தக் கால் பங்கின் அருமை பள்ளத்தில்தான் தெரியும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி எதிர் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்கி உள்வாங்க வேண்டும். 120 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் உள்வாங்கிவிடும். 92 மி.மீ. டயரில் அதற்குள் ரிம்மின் உதடு வந்து, பள்ளத்தின் விளிம்புக்கும் தனக்கும் நடுவே பக்கச்சுவரை இடுக்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் இழைகள் அங்கேயே அறுந்துபோகும். வெளி ரப்பர் கிழியாததால் காற்று இறங்காது. ஆனால் இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளித் தள்ளி, எலுமிச்சங்காயை வெட்டி ஒட்டினாற்போல ஒரு புடைப்பு எழும். சில சமயம் மோதிய அன்றே தெரியும், சில சமயம் நாட்கள் கழித்து. இதற்கு ஒட்டு கிடையாது. பேட்ச், ஓட்டையில் செருகும் மஷ்ரூம் பிளக் எல்லாம் சாலையைத் தொடும் பகுதியான ட்ரெட்டுக்குத்தான். புடைத்த டயரை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. பக்கச்சுவரில் ரிம்மிலிருந்து ட்ரெட்டை நோக்கி, உள்வாங்கிய மெல்லிய பள்ளக்கோடு தெரிந்தால் பதற வேண்டாம். உள் இழைத் துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இடம் அது. பெரும்பாலான டயர்களில் உண்டு, அதனால் ஆபத்தில்லை. வெளியே தள்ளியிருந்தால் மட்டுமே கெட்டது. புடைப்பு பாதி நேரம் டயரின் உட்பக்கத்தில்தான் வரும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டுப் பின்புறமிருந்து பாருங்கள். பின் சக்கரத்துக்குக் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரிம் வளைவதும் இதே கதைதான். வளைவது பெரும்பாலும் உள் உதடு. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் புதிது போலப் பளபளக்கும். மணிக்கு 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ காற்று இறங்கும். இரண்டில் ஒன்று இருந்தாலே பேலன்சிங் மெஷினில் ஏற்றி, வெயிட் ஒட்டுவதற்கு முன் வெறுமனே சுழல விட்டு உள் உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். வளைந்த ரிம்மில் வெயிட்டைக் கூட்டிக் கூட்டி மெஷினில் பூஜ்யம் காட்ட வைத்துவிடலாம், சாலையில் நடுக்கம் போகாது. லேசான வளைவை நிமிர்த்தலாம். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. பலமான அடி விழுந்தபின் அலைன்மென்ட்டையும் கையோடு பார்த்துவிட வேண்டும். டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, சற்று விலகினாலும் டயரின் ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ட்ரெட்டின் மேல் குறுக்கே உள்ளங்கையை இரு திசையிலும் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ சரியில்லை.

இந்தக் காரை வைத்திருக்கும் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி குலுங்குகிறதே என்று காற்றைக் குறைப்பார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 15 இன்ச்சுக்கு 33 பிஎஸ்ஐ, 17 இன்ச்சுக்கு 36 பிஎஸ்ஐ என்றிருக்கும். அந்த மூன்று பிஎஸ்ஐ வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு டயரிலும் சுமை எண் 88 என்றுதான் போட்டிருக்கும், அதாவது ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும். சாதாரண 15 இன்ச் டயர் 2.5 பார் (சுமார் 36 பிஎஸ்ஐ) அழுத்தத்திலேயே அந்த உச்சச் சுமையைத் தாங்கும். 205/45 ஆர்17-இல் 88 வேண்டுமென்றால் கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் வகைதான். அதே 560 கிலோவைத் தாங்க அதற்கு 2.9 பார் (சுமார் 42 பிஎஸ்ஐ) வேண்டும். காற்றின் கனஅளவு குறைந்ததை அழுத்தத்தால் ஈடுகட்டுகிறார்கள். அந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுவது, புடைப்பை நாமே அழைப்பதற்குச் சமம். குலுங்கலும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் குலுங்கலுக்குக் காரணம் விறைப்பான பக்கச்சுவரும் கனத்த சக்கரமும். காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வெளி வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளம் தவிர்க்க முடியாததானால் அதற்கு முன்பே பிரேக் பிடித்து, பள்ளத்தில் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன்பக்கம் அமுங்கி, சஸ்பென்ஷன் அசைய இடமில்லாமல் அடி முழுவதும் டயரிலும் ரிம்மிலும் விழும்.

17 இன்ச்சால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் தயங்காமல் திரும்புகிறது. வழவழப்பான சாலையில் வேகமாக ஓட்டுவது சுகம். பார்வைக்கு அழகு என்பதையும் மறுக்கவில்லை. பக்கவாட்டு மோதல் பாதுகாப்புக்காகவும் பாதசாரிப் பாதுகாப்புக்காகவும் இக்காலக் கார்களின் கதவும் பானெட்டும் உயர்ந்துவிட்டன. அந்த உயரத்துக்குக் கீழே 15 இன்ச் சக்கரம் குறுகித்தான் தெரிகிறது, அதனால் வடிவமைப்பாளர் பெரிய சக்கரம் கேட்கிறார். 1959-இல் வந்த மினி 10 இன்ச் சக்கரத்தில் ஓடியது. 1974-இன் முதல் கோல்ஃப் 13 இன்ச்சில் ஓடியது. குடும்பமும் சாமானுமாக ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற அவை போதுமானவையாக இருந்தன.

அகல டயருக்கு இன்னொரு விலையும் உண்டு, பலரும் கவனிக்காத ஒன்று. சக்கரம் முழுக்கத் திரும்பும்போது உள்ளே இடிக்காமல் இருக்க, ஸ்டியரிங் திரும்பும் அளவையே சில கார்களில் குறைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் விற்கும் டொயோட்டா யாரிஸில் திரும்பும் ஆரம் சின்னச் சக்கரத்துக்கு 4.8 மீட்டர், பெரிய சக்கரத்துக்கு 5.1 மீட்டர். சின்னக் கார் வாங்குவதே குறுகிய இடத்தில் ஒரே ஒடிப்பில் திரும்பத்தானே. எந்தக் காராக இருந்தாலும் இந்த எண்ணை வேரியன்ட் வாரியாகப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டெப்னி. புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். டிக்கியின் தரையைத் தூக்கினால் சக்கரம் இருக்க வேண்டிய குழியில் ஒரு சின்ன கம்ப்ரசரும் பசை பாட்டிலும் இருக்கின்றன. எடை குறைகிறது, டிக்கியின் லிட்டர் கணக்கு கூடுகிறது என்பது அவர்கள் தரப்பு. பசை எதற்கு உதவும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆணி குத்திய அளவு சிறிய ஓட்டை, அதுவும் ட்ரெட்டில் இருந்தால் மட்டும் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது, ரிம் வளைந்து காற்று கசிந்தால் உதவாது. அதாவது மெல்லிய பக்கச்சுவர் டயரைக் கொடுத்துவிட்டு, அந்த டயருக்கு அதிகம் வரும் சேதத்துக்கு மட்டும் உதவாத ஒன்றைக் கூடவே கொடுத்திருக்கிறார்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸில் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது என்பதால் 1904-இல் அங்கே இரண்டு சகோதரர்கள் அதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருப்பெயர் தமிழில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. பொருளோ காரிலிருந்து இறங்கிவிட்டது.

பசையைப் பயன்படுத்த நேர்ந்தால் முதலில் குத்திய ஆணியைப் பிடுங்காதீர்கள். பாட்டிலின் காலாவதி தேதியைப் பாருங்கள். ஏற்றியதும் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால்தான் பசை உள்ளே பரவும். நிறுத்தி மீண்டும் அழுத்தத்தை அளந்து, இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பஞ்சர் ஒட்டுபவரிடம் உள்ளே பசை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுவாமல் ஒட்டினால் பேட்ச் பிடிக்காது, வால்வில் பிரஷர் சென்சார் இருந்தால் அதையும் துடைக்க வேண்டும்.

ஏற்கெனவே டாப் வேரியன்ட் வாங்கிவிட்டவர்கள் 15 இன்ச்சுக்கு இறங்கலாம். கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உங்கள் வேரியன்ட்டுக்கு அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாப்பில் முன் டிஸ்க் பெரிதாக இருந்தால் 15 இன்ச் ரிம்முக்குள் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்கும், ஒரு சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். போல்ட் வட்டமும் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் விலகியுள்ள தூரம்) நடு வேரியன்ட்டின் ரிம்மில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெளியில் வாங்கிய ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்து, அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால் நடுங்கும். ரிம்மில் நட் உட்காரும் குழி கூம்பா உருண்டையா என்பதைப் பாருங்கள், மாறினால் நட் தளரும். சுமை எண் 88-க்கும், கையேடு சொல்லும் வேகக் குறியீட்டுக்கும் கீழே போக வேண்டாம். மாட்டிய பிறகு 50, 100 கி.மீ. ஓடியதும் குறிப்பிட்ட இறுக்க அளவில் முடுக்கும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஸ்டியரிங்கின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. இன்சூரன்ஸுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நண்பருக்கு என் பதில் நடு வேரியன்ட். மேலே அவ்வளவு புகழ்ந்த ஹெட்லைட்டை இழக்கத்தான் வேண்டும், அது எனக்கும் உறுத்துகிறது. இரவு ஓட்டம் அதிகம் என்றால் இதே பதிலை நானே மாற்றிச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் புடைத்த டயரைப் பார்த்துவிட்டு வந்த இந்த வாரத்தில் வேறு பதில் வாயில் வரவில்லை. டாப்பேதான் வேண்டுமென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஷோரூமில் இரண்டைக் கேளுங்கள்: நடு வேரியன்ட்டின் 15 இன்ச் சக்கரம் நான்கையும் மாற்றிக் கொடுப்பார்களா, டிக்கிக் குழியில் வைக்க மெலிந்த ஸ்டெப்னியும் ஜாக்கியும் துணைப்பொருளாகக் கிடைக்குமா. ஒப்புக்கொண்டால் புக்கிங் தாளிலேயே எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று டயர் ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது.