‘சிபியு ஃபுல், பெரிய பிளானுக்கு மாறுங்க’ என்று சொல்லும் சர்வர் பராமரிப்பு ஆட்களிடம் கவனம்

மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அப்பாச்சி (தளத்தின் பக்கங்களை அனுப்பித் தரும் சர்வர் மென்பொருள்) ஹேங் ஆகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் மட்டும் அடித்துவிட்டு, கூடவே ஒரு அப்கிரேடையும் தலையில் கட்டிவிட்டுப் போகும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றிடம் மாட்டிக்கொண்ட ஒரு வணிகத் தளத்தின் கதை இது. நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. இந்த ரகத்து ஆட்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வேலை பார்க்கிறார்கள், அதனால் வரிசையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

சர்வரின் சிபியுவில் 4 கோர், அப்பாச்சி 2.4 ப்ரீஃபோர்க் (ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டை மட்டும் கவனிக்கும் முறை), அதற்கு உள்ளேயே ஓடும் பிஎச்பி 7 (தளத்தின் புரோகிராம் மொழி). அவ்வப்போது தளம் திணறும். எரர் லாகில் (பிழைப் பதிவுக் கோப்பில்) ‘அதிகபட்ச நேரம் 30 விநாடி கடந்துவிட்டது’ என்ற ஃபேட்டல் எரர் விழும். பராமரிப்பு நிறுவனம் முதலில் கைவைத்தது அங்கேதான். பிஎச்பி அமைப்பில் மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைமை (ஒரு ஸ்கிரிப்ட் ஓடக்கூடிய அதிகபட்ச நேரத்தை) 0 ஆக்கியது. எரர் நின்றது, ‘டைம்அவுட் பிரச்சினை சரிசெய்யப்பட்டது’ என்று பில் வந்தது. 0 என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம். அதுவரை 30 விநாடியில் செத்துக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் இனிமேல் சாகவே சாகாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஃபேட்டல் எரர் வரியிலேயே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

உண்மையான கோளாறு ஒரு ஒய்ல் லூப், அதாவது ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் புரோகிராம் பகுதி. சப்ளையரின் விலைப்பட்டியலை வேறொரு சர்வரிலிருந்து எஃப்ஓபன் (கோப்பைத் திறக்கும் பிஎச்பி ஃபங்ஷன்) மூலம் திறந்து, எஃப்இஓஎஃப் (கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ஃபங்ஷன்) ‘முடிந்தது’ என்று சொல்லும்வரை வரிவரியாகப் படிக்கும் சாதாரண புரோகிராம் கோடு. அந்த சர்வர் பதில் தராத நேரத்தில் எஃப்ஓபன் ஃபால்ஸை, அதாவது ‘திறக்க முடியவில்லை’ என்ற பதிலை, திருப்பும். பிஎச்பி 7-இல் ஃபால்ஸை எஃப்இஓஎஃப்-க்குக் கொடுத்தால் வார்னிங் மட்டும்தான் வரும், ‘முடிந்தது’ என்ற பதில் ஒருநாளும் வராது. லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். (பிஎச்பி 8-இல் டைப்எரர் வந்து அங்கேயே நின்றுவிடும்.) ஒவ்வொரு சுற்றுக்கும் வார்னிங் விழுவதால் எரர் லாக் கிடுகிடுவென ஜிபி கணக்கில் ஊதும்.

ஊதியது. டிஸ்க் நிரம்பியது. நிறுவனம் லாகை ஆர்எம் அடித்து அழித்தது, இடம் காலியாகவில்லை. அப்பாச்சி அந்தக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும்வரை டிஸ்கில் இடம் திரும்பி வராது; டியு (கண்ணில் படும் கோப்புகளைக் கூட்டும் கட்டளை) சொல்லும் அளவுக்கும் டிஎஃப் (டிஸ்கில் உண்மையில் நிரம்பியதைக் காட்டும் கட்டளை) சொல்லும் அளவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். அழிக்காமல் ட்ரன்கேட் செய்திருக்க வேண்டும், அதாவது கோப்பை வைத்துக்கொண்டே உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்திருக்க வேண்டும். இவர்கள் செய்தது பிஎச்பி எரர் பதிவையே அணைத்தது. இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

அதன் பிறகுதான் ‘சிபியு ஃபுல்’. 8 கோருக்கு மாறச் சொன்னார்கள். ப்ரீஃபோர்க்கில் லூப்பில் சிக்கிய ஒரு ப்ராசஸ் ஒரு கோரை முழுசாகத் தின்னும், அதற்கு மேல் தின்னாது. 4 கோர் சர்வர் முடங்க 4 ப்ராசஸ் சிக்கினால் போதும். 8 கோர் முடங்க 8 வேண்டும். அப்கிரேடில் கிடைத்தது அந்த இடைவெளி மட்டும்.

அடுத்த பில்: ‘மேக்ஸ் ரிக்வெஸ்ட் ஒர்க்கர்ஸ் 400 ஆக உயர்த்தப்பட்டது’. ஒரே நேரத்தில் எத்தனை ப்ராசஸ் ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கலாம் என்ற அளவு அது; அதற்கு மேல்வரம்பு சர்வர்லிமிட். ப்ரீஃபோர்க்கில் சர்வர்லிமிட்டின் இயல்பு அளவு 256. அதையும் சேர்த்து உயர்த்தாவிட்டால் அப்பாச்சி ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு 256-லேயே நின்றுவிடும். இங்கே உயர்த்தவில்லை. ஒருவகையில் நல்லதுதான். பகிரப்படும் மெமரி போக ஒரு ப்ராசஸ் 60 எம்பி எடுத்தால் 400-க்கு 24,000 எம்பி. 16 ஜிபி ரேமில் அது ஸ்வாப்பில் (ரேம் போதாதபோது டிஸ்கைப் பயன்படுத்தும் மெதுவான இடத்தில்) போய் விழுந்து டேட்டாபேஸையும் சேர்த்து இழுத்திருக்கும்.

கடைசியாக மணிக்கொருமுறை கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் செய்யும் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை). கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு ஒவ்வொரு ப்ராசஸும் விலகட்டும் என்பதுதான் கிரேஸ்ஃபுல். முடிவில்லாத லூப்பில் இருப்பது எப்படி முடிக்கும்? அது பழையபடி சிபியுவைத் தின்றுகொண்டே இருக்கும், சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் (ஒவ்வொரு ப்ராசஸும் என்ன செய்கிறது என்று அப்பாச்சி காட்டும் பக்கம்) ‘ஜி’ என்ற எழுத்தோடு. கடைசியில் முழு ரீஸ்டார்ட். அதற்குத் தனியாக ‘எமர்ஜென்சி சப்போர்ட்’ கட்டணம்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். டாப் (ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு மேலே உள்ள சதவீதங்களைப் பாருங்கள். ‘யுஎஸ்’ அதிகம் என்றால் புரோகிராமே சிபியுவைத் தின்கிறது. ‘டபிள்யுஏ’ அதிகம் என்றால் டிஸ்குக்காகக் காத்திருப்பு. ‘எஸ்டி’ அதிகம் என்றால் உங்கள் விர்ச்சுவல் சர்வருக்குச் சேர வேண்டிய நேரம் ஹோஸ்டில் வேறு பக்கம் போகிறது. அப்போது உங்கள் கோடில் தேடிப் பயனில்லை, கேள்வி ஹோஸ்டிங்காரருக்குப் போக வேண்டும். லோடு ஆவரேஜ் (ஓடவோ காத்திருக்கவோ செய்யும் ப்ராசஸ்களின் சராசரி) எண்ணை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். லினக்ஸில் அந்தக் கணக்கில் டிஸ்குக்காகக் காத்து ‘டி’ நிலையில் நிற்பவையும் சேரும், சிபியு சும்மா இருந்தாலும் லோடு 40 காட்டலாம்.

அடுத்து சந்தேகப்படும் ப்ராசஸின் பிஐடியை (அதன் அடையாள எண்ணை) எடுத்து, பிஎஸ் கட்டளையில் டைம் (செலவான சிபியு நேரம்), ஈடைம் (தொடங்கியதிலிருந்து கடந்த நேரம்) இரண்டையும் ஒப்பிடுங்கள். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால், கடந்த நேரத்துக்குச் சமமாகச் சிபியு நேரமும் ஏறினால் அது சுற்றுகிறது. ஏறவில்லை என்றால் எதற்கோ காத்திருக்கிறது. பிறகு சர்வர் ஸ்டேட்டஸில் அதே பிஐடி வரிசை: ‘டபிள்யு’ எழுத்து (பதில் தயாராகிறது என்று பொருள்), ‘எஸ்எஸ்’ பத்தியில் (ரிக்வெஸ்ட் தொடங்கி எவ்வளவு ஆயிற்று) ஆயிரக்கணக்கில் விநாடி, பக்கத்தில் கேட்கப்பட்ட பக்கத்தின் முகவரி. ஆக்சஸ் லாகில் (வந்த ரிக்வெஸ்ட்டுகளின் பதிவில்) மட்டும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அப்பாச்சி அதில் எழுதுவதே ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான். ஹேங் ஆனது அங்கே இருக்கவே இருக்காது. அதற்காகவே உள்ளது மோட் லாக் ஃபாரன்சிக், வரும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை எழுதும்.

கடைசியாக அந்த பிஐடியில் ஸ்ட்ரேஸ். ப்ராசஸ் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையத்திடம்) என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி அது. ஃபியூடெக்ஸ் என்று நின்றால் ஏதோ பூட்டில் (பதிவு லாக் அல்ல, வேறொன்று பிடித்து வைத்திருக்கும் லாக்) மாட்டியிருக்கிறது. எஃப்லாக் (கோப்பைப் பூட்டுவது) என்று நின்றால் பெரும்பாலும் பிஎச்பி செஷன் கோப்பு, அதாவது ஒரு பயனரின் லாகின் போன்ற விவரங்களை வைத்திருக்கும் கோப்பு. அதே பயனரின் இன்னொரு ரிக்வெஸ்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். ரீட் அல்லது போல் என்று நின்றால் எல்எஸ்ஓஎஃப் (ப்ராசஸ் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் கட்டளை) கொண்டு எந்த இணைப்பு என்று பாருங்கள். சிபியு 100 சதவீதம் இருந்தும் ஸ்ட்ரேஸில் ஒரு வரிகூட ஓடவில்லை என்றால், கெர்னலிடம் எதுவும் கேட்காமல் கோடுக்குள்ளேயே சுற்றுகிறது. மேலே சொன்ன தளத்தில், எரர் பதிவை அணைத்திருந்ததால், இதுதான் தெரிந்தது. பதிவு இருந்திருந்தால் ரைட், ரைட் என்று எரர் லாகில் எழுதும் வரிகள் கொட்டியிருக்கும். இந்த நிலையில் ஜிடிபியை (ஓடும் புரோகிராமுக்குள் பார்க்க உதவும் கருவியை) இணைத்து, பிஎச்பி மூலக்கோடோடு வரும் ஜிடிபி அமைப்புக் கோப்பில் உள்ள ஸெட்பேக்ட்ரேஸை ஓட்டினால் பிஎச்பி கோப்பும் வரியும் வந்துவிடும். அதற்கு பிஎச்பியின் டீபக் சிம்பல் (உள்ளே இருக்கும் பெயர்களை ஜிடிபிக்குச் சொல்லும் கூடுதல் தகவல்) தேவைப்படும். எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு அந்த ஒரு பிஐடியை மட்டும் கில் செய்தால் போதும், தளம் முழுவதையும் இறக்க வேண்டாம்.

ஆகவே அப்கிரேட் பேச்சு வந்தால் பராமரிப்பாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்த பிஐடி, எந்த முகவரி, ஸ்ட்ரேஸில் என்ன தெரிந்தது. ‘பொதுவாகவே டிராஃபிக் அதிகம்’ என்று பதில் வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தத் தளத்துக்கான தீர்வு சில வரிகள்தான். எஃப்ஓபன் ஃபால்ஸ் தந்தால் லூப்புக்குள் போகாமல் திரும்புவது, வெளி இணைப்புக்கு 5 விநாடி டைம்அவுட், மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் மறுபடி 30, எரர் பதிவு ஆன், லாக் கோப்பு ஊதாமல் அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட். ஒன்றை நினைவில் வையுங்கள்: லினக்ஸில் அந்த 30 விநாடியில் டேட்டாபேஸுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் நேரம் சேராது. பிஎச்பி எஃப்பிஎம் (அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓடும் பிஎச்பி) பயன்படுத்துபவர்கள் ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட்டையும் (ஒரு ரிக்வெஸ்ட்டைக் கட்டாயமாக நிறுத்தும் நேர வரம்பு) போடுங்கள். இயல்பில் அது 0, அதாவது இல்லை. ஸ்லோலாகையும் கூடவே ஆன் செய்தால், மெதுவான ரிக்வெஸ்ட் எந்த வரியில் நிற்கிறது என்று அதுவே எழுதித் தரும்.

நிறுவனத்தை நிறுத்தும் அன்றே எஸ்எஸ்எச் ஆதரைஸ்டு கீஸ் கோப்பு (சர்வருக்குள் நுழைய அனுமதிக்கப்பட்ட சாவிகள்), சூடோ பட்டியல் (நிர்வாகி அதிகாரம் உள்ளவர்கள்), ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) மட்டுமல்லாமல் எல்லாப் பயனர்களின் க்ரான்டாப் (க்ரான் வேலைகளின் பட்டியல்), டேட்டாபேஸ் பயனர்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். இந்த சர்வரில் அந்த மணிக்கொருமுறை ரீஸ்டார்ட் ரூட்டின் க்ரானில் இல்லை, அவர்கள் தமக்காக உருவாக்கிய பயனரின் க்ரானில் இருந்தது.