பழைய வேர்டுக்கு ‘ஸ்பானிஷ் அகராதி’ என்று 38 டாலர் பிடுங்கிவிட்டார்கள், நீங்களும் மாட்டாதீர்கள்

38 டாலர். நேற்று இரவுதான் போனது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறவிட்டால் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டுவார்.

மைக்ரோசாஃப்ட் வேர்டு 2003-இல் ஸ்பானிஷ் ஆவணங்களுக்கு எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு நெளிகோடு. பழைய மென்பொருள்களுக்குத் துணைக்கோப்பு விற்கும் ஓர் இணையக் கடை (பெயர் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை) ‘வேர்டு 97 முதல் 2003 வரை, முழு ஸ்பானிஷ் பிழைதிருத்தி’ என்று போட்டிருந்தது. விலை 38 டாலர்.

சும்மா நம்பிவிடவில்லை. பணம் கட்டும் முன் மாதிரி கேட்டேன். இரண்டு பக்க ஸ்பானிஷ் ஆவணம் ஒன்று வந்தது. திறந்தால் ஒரு நெளிகோடு கூட இல்லை, பளிச்சென்று இருந்தது. “உங்கள் கணினியிலேயே பார்த்துவிட்டீர்களே, இன்னும் என்ன சந்தேகம்?” என்றார் அரட்டையில் இருந்தவர். அங்கேதான் விழுந்தேன். அகராதியையே இன்னும் நிறுவவில்லை, பிறகு எது அந்த ஆவணத்தைச் சரிபார்த்தது? இந்தக் கேள்வி பணம் போன பிறகுதான் உறைத்தது. அந்த ஆவணத்தில் கண்ட்ரோல்+ஏ அழுத்தி, டூல்ஸ், லாங்குவேஜ், செட் லாங்குவேஜ் என்று போய்ப் பாருங்கள். ‘டூ நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்’ பெட்டியில் டிக். எழுத்தின் வடிவமைப்போடு சேர்ந்து அந்த டிக் கோப்பிலேயே சேமிக்கப்படும். எந்தக் கணினியில் திறந்தாலும் நெளிகோடு வராது. பிழை இல்லாததால் வந்த சுத்தம் இல்லை அது, பார்க்காதே என்று சொல்லி வைத்ததால் வந்த சுத்தம்.

38 டாலருக்கு வந்தது ஒரு ஜிப். உள்ளே ‘.dic’ என்று பெயர் முடியும் ஒரே ஒரு கோப்பு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஸ்பெல்லிங் அண்ட் கிராமர், கஸ்டம் டிக்ஷனரீஸ், ஆட் என்று சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். நெளிகோடுகள் அப்படியே நின்றன.

நோட்பேடில் திறந்து பார்த்ததும் வண்டவாளம் தெரிந்தது. முதல் வரியில் வெறும் ஓர் எண். அடுத்த வரியிலிருந்து சொல், சாய்கோடு, அதன் பின் இரண்டு மூன்று பெரிய எழுத்துகள். இது வேர்டின் அகராதியே இல்லை. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் பிழைதிருத்தியின் அகராதி, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் வரி எண் சொற்களின் எண்ணிக்கை. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பவை விகுதிக் குறியீடுகள். ‘ஆப்லார்’ (பேசு) என்ற வினை ஒரே ஒரு தடவைதான் பட்டியலில் இருக்கும். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாரோன் எல்லாம் அந்தக் குறியீட்டை வைத்து ‘ஏஎஃப்எஃப்’ என்ற துணைக்கோப்பு உண்டாக்குபவை. அந்தத் துணைக்கோப்பை இவர்கள் தரவேயில்லை. தந்திருந்தாலும் வேர்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இரண்டு அகராதிக்கும் கோப்புப் பெயரின் முடிவு (.dic) ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்தே வியாபாரம்.

இதில் இன்னொரு கூத்து. எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை பல உண்டு. இந்தக் கோப்பு யூடிஎஃப்-8 முறை. வேர்டு 2003-இன் கஸ்டம் அகராதியோ ஆன்சி முறை. ‘என்யே’ (ñ) எழுத்து ஒரே எழுத்தாக வராமல், தலையில் அலைக்கோடு போட்ட ‘ஏ’, பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறி என்று இரண்டாக உடைந்து நிற்கிறது. அழுத்தக்குறி உள்ள உயிரெழுத்துகளுக்கும் இதே கதி.

கேட்டதற்கு முதல் பதில்: கணினியை அணைத்துப் போடுங்கள். இரண்டாவது: “நீங்கள் ஸ்பெயின் மாடர்ன் சார்ட் போட்டிருக்கிறீர்கள், ட்ரெடிஷனல் சார்ட் போடுங்கள்.” சுத்தப் பிதற்றல். ‘சார்ட்’ என்றால் வரிசைப்படுத்துவது, அந்த வேறுபாடு அகரவரிசைக்கானது. முன்பு இரட்டை ‘எல்’லும் ‘சிஎச்’சும் தனி எழுத்துகளாக வரிசைப்பட்டன, 1994-இல் ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் அதைக் கைவிட்டன, அவ்வளவே. எழுத்துப்பிழைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்றாவது: டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது. அதன் பிறகு மௌனம்.

இப்போது வயிறு எரிகிற இடம். ஆபீஸ் 2003-இன் ஆங்கிலப் பதிப்பு சிடியிலேயே ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றுக்கும் பிழைதிருத்தி இருக்கிறது! கண்ட்ரோல் பேனலில் ஆட் ஆர் ரிமூவ் ப்ரோக்ராம்ஸ், அதில் ஆபீஸைத் தேர்ந்து சேஞ்ச், ஆட் ஆர் ரிமூவ் ஃபீச்சர்ஸ், அட்வான்ஸ்ட் கஸ்டமைசேஷன் பெட்டியில் டிக், ஆபீஸ் ஷேர்ட் ஃபீச்சர்ஸ், ப்ரூஃபிங் டூல்ஸ், ஸ்பானிஷ், ரன் ஃப்ரம் மை கம்ப்யூட்டர். சிடி கேட்கும், போடுங்கள். பிறகு உரையைத் தேர்ந்து செட் லாங்குவேஜில் ஸ்பானிஷ் கொடுத்து, மேலே சொன்ன அந்தப் பாழாய்ப்போன டிக்கை எடுத்துவிடுங்கள். வந்த நெளிகோடுகளில் முக்கால்வாசி, உரை ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்ததால் வந்தவை. கையில் இருந்த பொருளுக்கு 38 டாலர் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: நெளிகோடு இல்லை என்று காட்டினால் நம்பாதீர்கள். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக அடியுங்கள், ‘கன்சியோன்’ (canción, பாட்டு) சொல்லில் இரண்டாவது ‘சி’க்குப் பதில் ‘எஸ்’ போடுங்கள், வலது சொடுக்கில் சரியான சொல் பரிந்துரையாக வருகிறதா பாருங்கள். வாங்கும் முன் கோப்பின் முதல் பத்து வரிகளைக் கேளுங்கள், சாய்கோடு தெரிந்தால் ஓடிவிடுங்கள். கண்ட்ரோல்+ஏ அடிக்குறிப்பையும் தலைப்பகுதியையும் உரைப்பெட்டியையும் தொடாது, அங்கெல்லாம் மொழியைத் தனியாக மாற்ற வேண்டும். ஸ்பானிஷில் 2010-இல் வந்த எழுத்துவிதி மாற்றங்கள் 2003 அகராதிக்குத் தெரியாது. ‘ஆன்யோ’வில் (ஆண்டு) அலைக்கோடு விட்டுப்போனால் அது ஆசனவாய், இரண்டுமே அகராதிச் சொல் என்பதால் சொல்லை மட்டும் பார்க்கும் பிழைதிருத்தி வாயைத் திறக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. இதுவரை பதில் இல்லை. 38 டாலர்.